தானாக நிற்காத வண்டி

வாசலில் ஹாரன் சத்தம். இரண்டே தட்டு, லேசாக, விரல் நுனியால் தட்டியதுபோல.

நான் அடுப்பை அணைத்துவிட்டு, முட்டை வாங்கும் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன். கேட்டின் கொக்கியில் கை வைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அப்படி ஹாரன் அடிக்கிறவள் செத்துப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றது அவளுடைய வண்டிதான். வெள்ளை பிக்கப். பின்னால் முட்டைத் தட்டுகள் அடுக்கும் கம்பிக் கூண்டு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவளுடைய புருஷன் உட்கார்ந்திருந்தான்.

"ஏம்பா, அவ அடிக்கிற மாதிரியே ஹாரன் அடிக்கிறே? எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

அவன் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தான். "நான் ஹாரனே அடிக்கலையே அண்ணி. இப்பதான வந்து நிறுத்துறேன்."

மழைச் சத்தத்தில் என் காதுதான் ஏதோ பண்ணுகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஈரக் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பில் மறைத்தபடி கேட்டைத் திறந்துவிட்டேன்.

இவனை எங்கள் தெருவில் எல்லோரும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் மாப்பிள்ளை முறுக்கு குறையாதவன். இஸ்திரி கலையாத சட்டை, தூரத்திலேயே மூக்கைத் துளைக்கும் சென்ட். உழைத்ததெல்லாம் அவள். விடிவதற்குள் பண்ணைக்குப் போய் முட்டை ஏற்றி, வீடு வீடாகப் போட்டு, மதியம் தன் வீட்டு ஷெட்டில் வண்டியை விட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள்ளேயே ஒரு தூக்கம் போடுவாள். "வீட்டுக்குள்ள போனா இவரு பேச்சைக் கேக்கணும்க்கா. வண்டின்னா நிம்மதி" என்று சிரிப்பாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உடைந்த முட்டையைத் தலையில் கட்டாத ஒரே வியாபாரி.

அந்தத் தூக்கத்திலேயேதான் போய்விட்டாள். ஷட்டர் இறங்கியிருந்தது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, புகை உள்ளேயே தங்கிவிட்டது. அவள் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள். பிணம் எனக்குப் புதிதில்லை. இழவு வீட்டில் அவள் முகத்தைப் பார்த்தேன். கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது. அந்தப் புகை குடித்துச் செத்தவர்களுக்கு அப்படித்தான் ஆகும். "தூங்குற மாதிரியே இருக்கா பாருங்க" என்று அவன் அழுதான். நான் அவள் கையைப் பார்த்தேன். நகங்கள் பிய்ந்து, விரல் நுனிகள் தோலுரிந்து கிடந்தன.

"முட்டைத் தட்டு தூக்கித் தூக்கி அப்படி ஆயிடுச்சு அண்ணி" என்றான், நான் கேட்காமலேயே.

முட்டைத் தட்டு அட்டை. அட்டையில் நகம் பிய்யுமா?

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலை பஸ் டிப்போவில், எலக்ட்ரீசியன். ஓய்வு நேரத்தில் வீட்டில் வேறொரு பிழைப்பு. இந்தக் காலத்து வண்டிக்கு மூளை என்று ஒரு கம்ப்யூட்டர் டப்பா இருக்கிறது. எவ்வளவு பெட்ரோல் குடிக்க வேண்டும், எப்போது சீற வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். இவர் லேப்டாப்பை மாட்டி அதைப் படித்து, வேண்டியதை மாற்றி, திரும்ப எழுதிவிடுவார். பழையதை ஒரு பிரதி எடுத்து வைக்காமல் எதையும் தொட மாட்டார், அந்த ஒழுங்கு உண்டு. வீட்டு ஒழுங்கு கிடையாது. சாப்பாட்டு மேஜையில் தட்டு வைக்க இடமிருக்காது, ஒயராகக் கிடக்கும். கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றியது.

அவள் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாப்பிள்ளை இதே பிக்கப்போடு வந்திருந்தான். சும்மா நின்றபடி ஓடும் இன்ஜின் கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடும்படி அந்த வண்டியில் ஓர் ஏற்பாடு உண்டு. அதை எடுத்துவிட வேண்டும் என்றான். "ஏசி நின்னுபோயி வேர்த்து முழிச்சுக்கிறா அண்ணே, பாவம். நல்லாத் தூங்கட்டும்." நான் உருகிப் போனேன். "பொண்டாட்டி தூக்கத்தைப் பத்திக் கவலைப்படுற ஆம்பளையைப் பாருங்க, கத்துக்கங்க" என்று என் வீட்டுக்காரரைக் குத்திக்கூடக் காட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

இப்போது அவன் முன்னறையில் உட்கார்ந்து, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அதைப் பழையபடியே வச்சிருங்க. இன்னைக்கே வேணும்."

"எதை?"

"இன்ஜின் தானா நிக்குமே, அதை. நாளைக்கு அவ அண்ணன் வர்றான். எவனோ ஆளைக் கூட்டிட்டு வந்து வண்டியைச் சோதிக்கப் போறானாம். தானா நிக்கிற வண்டி எப்படி மணிக்கணக்கா ஓடுச்சுன்னு கேக்கிறான்."

 அந்த நகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நான் எழுந்து உள்ளே போனேன். என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"தொடாதீங்க" என்றேன் மெதுவாக. "அவதான் தூங்கிட்டான்னா இவனுக்கு எதுக்கு இந்தப் பயம்? இவன்தான் பண்ணியிருக்கான்."

"தெரியாமப் பேசாத."

"அவ விரலைப் பார்த்தவ நான்."

அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. கேட்கக் கூடாது என்பதுபோல் தலையை ஆட்டினார். "இந்தா பாரு. நாளைக்குச் சோதிச்சா, மாத்தி எழுதினது யாருன்னு வரும். நான்தான்னு வரும். வேலை போகும், ஜெயிலுக்கும் போவேன். பழசை வச்சுட்டா எந்தப் பேச்சும் இல்லை. அவ என்ன திரும்பியா வரப்போறா?"

"அவ அண்ணனுக்கு இருக்கிறது இந்த ஒரு சாட்சிதாங்க."

"எனக்கு இருக்கிறதும் இந்த ஒரு உயிர்தான்" என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவரை அந்த நிமிஷம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

எங்கள் ஷெட் வீட்டோடு ஒட்டாதது. முற்றத்தின் கோடியில் தனியாக இருக்கும். வழி என்று ஷட்டர் ஒன்றுதான். மாப்பிள்ளை வண்டியை அதற்குள் கொண்டுபோய் விட்டான். சாரல் லேப்டாப்பில் அடிக்கிறது என்று இவர் முணுமுணுக்க, "நான் இறக்குறேண்ணே. யாரும் பார்க்காம இருக்கிறதும் நல்லதுதான்" என்று மாப்பிள்ளையே ஷட்டரை இழுத்தான். இழுத்த வேகத்தில் நல்ல பழக்கம் தெரிந்தது. எப்படியாவது இவர் மனதை மாற்றிவிடலாம் என்று கடைசி நேரத்தில் நானும் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டேன்.

ஷட்டர் தரையைத் தொட்டதும் பகல் போய்விட்டது. மஞ்சள் பல்பு ஒன்று. தகரக் கூரையில் மழை. பெட்ரோல் வாடை, ஈர ரப்பர் வாடை, அதற்கடியில் வைக்கோலும் கோழி இறகும் கலந்த மெல்லிய வாடை. அவள் முட்டையை நீட்டும்போது அவள் மேலிருந்து வருகிற வாடை.

இவர் பானட்டைத் திறந்து பேட்டரியில் சார்ஜரை மாட்டினார். வண்டிக்குள்ளிருந்து ஒயரை இழுத்து, பெஞ்சில் வைத்த லேப்டாப்பில் சொருகினார். மாப்பிள்ளையைச் சீட்டில் உட்காரச் சொன்னார். சொல்லும்போது சாவியைப் போடவும் எடுக்கவும் ஒரு ஆள் உள்ளே இருக்க வேண்டும்.

"எழுதிட்டு இருக்கும்போது பாதியில நின்னுச்சுன்னா டப்பா செத்து வெறும் செங்கல் ஆயிடும். அதனால என்ன ஆனாலும் கதவைத் திறக்காதீங்க."

"திறக்க மாட்டேண்ணே."

"சாவியைப் போடுங்க."

எழுத ஆரம்பித்தது. திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. வண்டியின் விளக்குகள் மினுங்கின. முன்னால் இன்ஜின் காற்றாடி தானாகச் சுழன்றது. நான் பதறியதைப் பார்த்து, "எழுதும்போது இதெல்லாம் சகஜம்" என்றார்.

வண்டியின் கண்ணாடிகள் மெதுவாக மேலே ஏறின.

"கண்ணாடியை ஏன் ஏத்துறீங்க?" என்றார்.

"நான் தொடலைண்ணே."

பச்சைக் கோடு பாதியில் நின்றது.

அப்போது இன்ஜின் ஓட ஆரம்பித்தது.

ஸ்டார்ட் பண்ணுகிற உறுமல் எதுவும் இல்லை. ஏற்கெனவே வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் இப்போதுதான் எங்கள் காதில் விழுகிறது என்பதுபோல, ஒரே சீரான ஓட்டம். அவள் வாசலில் நிறுத்தி என்னிடம் ஊர்க்கதை பேசும்போது பின்னால் கேட்கிற அதே ஓட்டம்.

"இது ஓடக் கூடாதே!" என்றார் இவர். "மூளையில பாதிதான் இருக்கு. ஓட முடியாது."

ஓடியது.

"சாவியை எடுங்க!"

மாப்பிள்ளை சாவியை உருவிக் கையில் தூக்கிக் காட்டினான். ஓடியது.

இவர் ஒயரைப் பிடுங்கினார். சார்ஜரைக் கழற்றினார். பானட்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, பிளக்குகளை இழுத்து, அந்த டப்பாவையே வெளியே எடுத்துவிட்டார். வண்டியின் மூளை அவர் உள்ளங்கையில் இருந்தது. அலுமினிய டப்பா, தொங்கும் ஒயர்கூட இல்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

அவர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார். புகை தரையோடு பரவிக்கொண்டு வந்தது. கண் எரிந்தது. தலைக்குள் யாரோ பஞ்சு அடைப்பதுபோல் இருந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் கால் கேட்காது என்பதும் தெரியும். ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. அதற்குப் பூட்டே கிடையாது. வெளியே பூட்டு ஒன்று ஷட்டரில் இடித்து ஆடும் சத்தம் மட்டும் கேட்டது.

வண்டிக்குள் மாப்பிள்ளை கதவோடு மல்லுக்கட்டினான். முழங்கையால் கண்ணாடியை இடித்தான். பிறகு பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தான்.

அங்கே யாரும் இல்லை. ஆனால் அவன் பார்த்தான். பார்த்ததும் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தான்.

"திறந்தேனே! அப்புறம் நான் வந்து பூட்டைத் திறந்தேனே! நீ தட்டுறது நின்னதும் திறந்தேனே!"

என் வீட்டுக்காரர் அதைக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டார். பிறகு அப்படியே தரையில் சரிந்தார்.

நான் ஷட்டரைக் கையால் அறைந்தேன், பிறாண்டினேன். என் நகம் ஒன்று பிய்ந்தபோதுதான் இது யார் செய்த வேலை என்று உறைத்தது. வண்டியைப் பார்த்துத் திரும்பினேன். பேய் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ஆனால் அந்த நேரம் கோபம்தான் வந்தது.

"தங்கச்சி" என்றேன்.  "அவனை என்னவோ பண்ணிக்கோ. என் புருஷனை விடு. நீ தூங்கத்தான் கேக்கிறான்னு நினைச்சு எழுதினாரு."

இன்ஜின் ஓடியது.

"இன்னைக்குத் தெரிஞ்சே எழுத வந்தாரு. ஒத்துக்கிறேன். உன் அண்ணன்கிட்ட இவரு வாயாலேயே சொல்ல வைக்கிறேன். இது அக்கா வாக்கு."

ஹாரன் அடித்தது. இரண்டே தட்டு, லேசாக.

மாப்பிள்ளையின் இரண்டு உள்ளங்கைகளும் அப்போது கண்ணாடியில் இருந்தன.

ஷட்டர் ஒரு ஆள் படுத்து நுழையும் அளவுக்கு மேலே போனது. இவரை அக்குளில் பிடித்து இழுத்து மழைக்குள் போட்டேன். என் கால் வெளியே வந்ததும் அது இறங்கிவிட்டது. உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியில் இல்லை, ஷட்டரில். வண்டியை விட்டு அவனை இறங்க விட்டிருக்கிறாள். ஷட்டர்வரை வர விட்டிருக்கிறாள். தட்டல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

அது நின்ற பிறகுதான் இன்ஜினும் நின்றது.

அக்கம்பக்கத்தார் ஓடி வந்து தூக்கியபோது ஷட்டர் பூ மாதிரி மேலே போனது. மாப்பிள்ளை வாசலை ஒட்டிக் குப்புறக் கிடந்தான். சட்டை கசங்கியிருந்தது. புரட்டினார்கள். கன்னம் ரோஜா நிறம்.

போலீஸ்காரர்கள் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். கம்ப்யூட்டர் டப்பா செத்துவிட்டது, அதிலிருந்து எதையும் எடுக்க முடியாது என்று அவர்களுடைய ஆள் சொன்னார். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு தெளிச்சல் வந்தது. எனக்கு அந்தத் தெளிச்சலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"சர்வீஸுக்கு விட்டாரு சார். ஷட்டர் மாட்டிக்கிச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ராத்திரி முழுக்க அவரோடு சண்டை போட்டேன். "நான் வாக்குக் கொடுத்திருக்கேன்யா!" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'யா' போட்டேன். "அந்தப் புகையில உனக்கு என்னென்னவோ தோணியிருக்கு. அவன்தான் செத்துட்டானே, கணக்கு முடிஞ்சுது, விடு" என்று போர்வையை இழுத்துக்கொண்டார்.

மழை ஓய்ந்து வெயில் காய்ந்த ஒரு காலை, அவளுடைய அண்ணன் வந்தார். தச்சு வேலை செய்கிறவர். கட்டை விரலில் பழைய வெட்டுக்காயம், அவளுடைய அதே அகலமான நெற்றி. கொடுத்த காபியை அவர் தொடவில்லை.

"என் தங்கச்சி கவனமில்லாமச் செத்தான்னு எழுதி வச்சிருக்காங்க" என்றார். "முட்டை ஏத்திக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டினவ. ஒரு தட்டு உடைச்சதில்லை. உங்ககிட்ட ஒண்ணுதான் கேக்கிறேன். அந்த வண்டியில யாராவது எதையாவது மாத்தினாங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

நான் என் வீட்டுக்காரரையே பார்த்தேன். சொல்லுங்க, சொல்லுங்க என்று மனதுக்குள் கதறினேன்.

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

 அண்ணன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். வழியனுப்ப நான் கேட்டுவரை போனேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

ஹாரன் அடித்தது.

தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

"இது..." என்றார் அண்ணன். அவர் முகம் மாறிவிட்டது. "எங்க வீட்டு வாசல்லயும் இப்படித்தான் அடிப்பா."

நான் வீட்டுக்குள் ஓடினேன். நாற்காலி காலியாக இருந்தது. கொல்லைப் பக்கமும் இல்லை. முற்றத்தைப் பார்த்தேன். நாங்கள் திறந்தே போட்டிருந்த ஷட்டர் தரைவரை இறங்கியிருந்தது.

உள்ளே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஷெட்டில் வண்டி என்று எதுவுமே கிடையாது. எங்கள் ஸ்கூட்டரைக்கூட வாசலில்தான் நிறுத்துகிறோம்.

தட்டும் சத்தம் கேட்டது. அவருடைய குரலும் கேட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஷட்டரின் அடியிலிருந்து புகை கசிந்து என் பாதத்தைத் தொட்டது. கைப்பிடி சூடாக இருந்தது. நானும் அண்ணனும் சேர்ந்து தூக்கினோம். அசையவில்லை.

"சொல்லுங்க!" என்று கத்தினேன். "அவரு இங்கதான் நிக்கிறாரு. சொல்லித் தொலைங்க!"

இருமல். பிறகு அழுகையும் மூச்சுத் திணறலுமாக அவர் சொன்னார்.

"நான்தான் மாத்தி எழுதினேன்! இன்ஜின் தானா நிக்கிறதை நான்தான் எடுத்துவிட்டேன்! திரும்ப வச்சு மறைக்கத்தான் அவன் வந்தான்! பூட்டினதை அவன் வாயாலேயே சொன்னான், கேட்டேன்! அவ தட்டுறது நிக்கிற வரைக்கும் வெளியில நின்னிருக்கான்! மாத்துறதுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது, ரெண்டு பிரதியும் எங்கிட்ட இருக்கு, போலீஸ்ல கொடுக்கிறேன்! ஐயோ, கொடுத்துடுறேன்மா, என்னை விட்டுடும்மா!"

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. தட்டல் குறைந்தது.

அண்ணன் கைப்பிடியை விட்டுவிட்டார். காய்ப்புக் காய்த்த உள்ளங்கையை ஷட்டரின் மேல் விரித்து வைத்தார். நெற்றியையும் அதில் சாய்த்துக்கொண்டார்.

"பாப்பா" என்றார். "அண்ணன் கேட்டுட்டேம்மா. எல்லாத்தையும் கேட்டுட்டேன். போதும்டா."

சத்தம் நின்றது.

ஷட்டர் தானாக மேலே போனது. என் வீட்டுக்காரர் வாசலை ஒட்டித் தவழ்ந்து கிடந்தார். விரல் நுனிகள் தோலுரிந்திருந்தன. மூச்சு இருந்தது. கன்னம் மட்டும் சிவந்திருந்தது. அவரை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, நிமிர்ந்து உள்ளே பார்த்தேன்.

ஷெட் காலியாக இருந்தது. வைக்கோலும் கோழி இறகும் கலந்த வாடை அடித்தது. மழை ஓய்ந்து எத்தனையோ நாளாகியும் சிமென்ட் தரையில் புத்தம் புதிதாக ஈரச் சக்கரத் தடங்கள் இரண்டு வாசலிலிருந்து உள்ளே போயிருந்தன.

வெளியே வந்த தடம் இல்லை.